முட்டை விழுங்கி என்று பெயரெடுத்த தகப்பன்: ஒரு குந்தேரி ஜோடியின் நிகழ்வு ஆய்வு

இந்த ஆய்வு ஒரே ஒரு ஜோடி மீனைப் பற்றியது. இனம் குரோமிடோடிலாப்பியா குந்தேரி. மேற்கு ஆப்பிரிக்க ஆறுகளில் வாழும், வாயில் அடைகாக்கும் சிக்லிட் குடும்ப மீன். ஆண் ஏறக்குறைய 14 செ.மீ., பெண் 10 செ.மீ.க்குச் சற்று மேல். என்னிடம் வந்தபோது கூடவே ஒரு கெட்ட பெயரும் வந்தது. முட்டை போடும், ஆண் வாயில் அள்ளிக்கொள்ளும், சில நாளில் விழுங்கிவிடும், குஞ்சு மட்டும் வராது. ஒரு வருடத்துக்கும் மேலாக அதே கதை. வளர்த்தவர் என்னைவிட இளையவர், பொறுமைசாலி, ஒவ்வொரு முட்டையிடலையும் குறிப்பேட்டில் எழுதி வைப்பவர். "அண்ணே, ஜோடிய வேணா வச்சுக்கோங்க. குஞ்சு மட்டும் எதிர்பாக்காதீங்க, இந்த ஆம்பள சரியான தின்னிப்பண்டாரம்" என்று சொல்லித்தான் கொடுத்தார்.

அதே ஆண்தான் பின்னர் ஈடு ஈடாகக் குஞ்சு வளர்த்தது (ஒரு முறை இட்ட முட்டைகளும் அவற்றின் குஞ்சுகளும் சேர்ந்தது ஓர் ஈடு). மருந்து போடவில்லை, தண்ணீரை ரசாயனம் ஊற்றித் திருத்தவில்லை, ஜோடியையும் மாற்றவில்லை. மாறியவை எவை, ஏன் மாற்றப்பட்டன என்பதுதான் கீழே வருவது. என் முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: குந்தேரியில் முட்டை இருப்பது ஆணின் வாயில், ஆனால் அது அங்கேயே தங்குவது பெண்ணின் காவலால். வாய் நிறைந்த மீனைத் தனித்தொட்டிக்கு மாற்றுவது ஆப்பிரிக்காவின் மலாவி ஏரிச் சிக்லிட்களில் பலன் தரும் வழி. இந்த மீனில் அதே வழி ஈட்டையே அழித்துவிடுகிறது.

மீன் எப்படிப்பட்டது

பிரெஞ்சு மீனியலாளர் சோவாஜ் 1882-ல் விவரித்த இனம் இது. பிரிட்டிஷ் மியூசியத்தில் பணியாற்றிய ஆல்பர்ட் குந்தரைக் கௌரவித்துப் பெயர் வைக்கப்பட்டது. பழைய மீன் வளர்ப்புப் புத்தகங்களில் பெல்மடோக்ரோமிஸ் என்ற பேரினப் பெயரில் தேடினால்தான் கிடைக்கும். ஐவரி கோஸ்ட், கானா, நைஜீரியா, கேமரூன் என்று கடலோரப் பகுதிகளின் ஆறுகளில் பரவலாக உண்டு. அபூர்வ மீன் இல்லை. ஆனாலும் கடைத் தொட்டிகளில் கவனிக்கப்படாமல் கிடக்கும், ஏனென்றால் சின்ன வயதில் சாம்பல் பழுப்பாக, எந்தக் கவர்ச்சியும் இல்லாமல் இருக்கும்.

வளர்ந்த பிறகு அழகு பெண்ணுக்குத்தான். முதுகுத் துடுப்பில் உலோகம்போல் மினுக்கும் பட்டை ஓடும். முட்டை முற்றும்போது வயிறு ரோஜா சிவப்பாகும். ஆண் பெரிதாக, நீண்ட முகத்தோடு, அடக்கமான நிறத்தில் இருக்கும். சிக்லிட் என்றாலே நிறம் ஆணுக்கு என்று பழகியவர்கள் இந்த இனத்தில் ஆணையும் பெண்ணையும் மாற்றிச் சொல்வதைப் பலமுறை பார்த்திருக்கிறேன்.

இதன் சாப்பாட்டு முறையைத் தெரிந்துகொள்ளாமல் இந்த நிகழ்வைப் புரிந்துகொள்ள முடியாது. வாய் நிறைய மணலை அள்ளும், உள்ளே சலிக்கும், தின்னத் தகுந்ததை நிறுத்திக்கொண்டு மிச்சத்தைச் செவுள் வழியாகவும் வாய் வழியாகவும் உதிர்க்கும். விழித்திருக்கும் நேரமெல்லாம் இதே வேலை. தொண்டைக் கூரையில் ஒரு சதைத் திண்டு தொங்கும். இதன் நெருங்கிய உறவினங்களிலும் அது உண்டு. ஆக, மணல் சலிக்கும் அதே வாயில்தான் முட்டையும் தங்க வேண்டும். இரண்டும் ஒரே நேரத்தில் நடக்காது. மணல் சலிப்பது நின்றால் வாய் நிறைந்திருக்கிறது; மறுபடி சலிக்கத் தொடங்கினால் காலியாகிவிட்டது. இதைவிடத் துல்லியமான அறிகுறி வேறில்லை.

இன்னொன்று. "மேற்கு ஆப்பிரிக்க வாயடைகாப்பான்" என்று மொத்தமாகச் சொல்வதில் பொருளே இல்லை. காயல்களின் உவர் நீரில் வாழும் கருந்தாடைத் திலாப்பியாவில் அடைகாப்பது தகப்பன் மட்டும். முட்டை போட்ட கையோடு தாய் போய்விடும். லெஸ்டர் ஆரன்சன் 1940-களில் அமெரிக்க இயற்கை வரலாற்று அருங்காட்சியகத்தில் விரிவாக ஆராய்ந்தது அந்த மீனைத்தான். அதன் உறவான சரோதெரோடான் கலிலேயஸ் இனத்தில் தாய், தகப்பன் இரண்டில் ஒன்றோ, இரண்டும் சேர்ந்தோ அடைகாக்கும். ஜிலேபிக் கெண்டை என்று நாம் சொல்லும் மொசாம்பிக் திலாப்பியாவில், அது ஆப்பிரிக்காவின் மறுகரை மீன், தாய் மட்டும். குந்தேரியில் முட்டையை ஆண் சுமக்கிறது, பெண் பக்கத்தில் நின்று காவல் காக்கிறது, குஞ்சு வெளிவந்தபின் இரண்டும் வாயில் ஏற்றுக்கொள்கின்றன. ஆர்தர் மைர்பெர்க் 1965-ல் இதன் நடத்தையை விவரித்து எழுதியது முதல் இது தெரிந்த விஷயம்தான். தெரிந்தும் வளர்ப்பவர்கள் மலாவி மீன்களில் கற்ற பாடத்தை இதன்மேல் போட்டுப் பார்க்கிறார்கள். அந்தப் பாடம் அவ்வளவு ஆழமாகப் பதிந்திருக்கிறது.

குறிப்பேடு சொன்னது

மீனை வாங்கியபோது குறிப்பேட்டையும் கேட்டு வாங்கினேன். பலர் தோல்வியை எழுதி வைப்பதில்லை, இவர் எழுதியிருந்தார். அதனால்தான் இந்த நிகழ்வை அவிழ்க்க முடிந்தது.

ஜோடி இருந்தது 4 அடித் தொட்டி. அடியில் பருமனான கூழாங்கல். கூடவே டெட்ரா என்ற சிறு மீன்களின் ஒரு கூட்டமும், இரண்டு சினோடோன்டிஸ் கெளுத்திகளும். பிஎச் (தண்ணீரின் அமில, காரத் தன்மையின் அளவு) 7.4 வாக்கில், அம்மோனியாவும் நைட்ரைட்டும் பூஜ்யம், நைட்ரேட் மிதம், வெப்பநிலை 26 டிகிரி. குந்தேரிக்கு இது தாராளமாகப் போதும். தண்ணீர்மேல் சந்தேகப்பட எனக்குக் காரணம் கிடைக்கவில்லை. ஆனால் அவர் பட்ட பாடெல்லாம் தண்ணீரில்தான்: பீட் (சதுப்புநில மக்கு) போட்டுப் பார்த்திருக்கிறார், ஆர்ஓ தண்ணீர் கலந்து பார்த்திருக்கிறார், வாதுமை இலை போட்டுப் பார்த்திருக்கிறார்.

ஈடு தொலைந்த விதங்களைப் பிரித்து அடுக்கியபோது, எல்லாவற்றுக்கும் "விழுங்கிவிட்டது" என்ற ஒரே சொல்லே எழுதப்பட்டிருந்தாலும், அடியில் மூன்று வெவ்வேறு கதைகள் இருந்தன.

ஒரு வகையில், ஆண் முட்டையை அள்ளிய மறுநாள் அதைச் சின்னத் தொட்டிக்கு மாற்றியிருக்கிறார். ஸ்பாஞ்ச் ஃபில்டர், ஒரு பிளாஸ்டிக் குழாய், சுற்றிலும் மறைப்பு. மலாவித் தாய்மீனுக்குச் செய்வதுபோல எல்லாம் ஒழுங்காக. ஓரிரு நாளில் வாய் காலி. திரும்பப் பெரிய தொட்டியில் விட்டால் பெண் அதை விரட்டி விரட்டிக் கடித்திருக்கிறது. "பெண் முரடு" என்று ஓரத்தில் ஒரு குறிப்பு.

இரண்டாம் வகையில் ஆணைத் தொடவே இல்லை. மற்ற மீன்களோடு அப்படியே விட்டிருக்கிறார். இவை கொஞ்சம் நீடித்தன, பிறகு போயின. இந்தக் குறிப்புகளை வரிசையாகப் படித்தபோது ஒரு சொல் திரும்பத் திரும்ப வந்தது: காலையில். காலையில் பார்த்தேன், வாய் ஒட்டியிருந்தது. காலையில் தீனி எடுத்தது. பகலில் போனதாக ஒரு குறிப்புகூட இல்லை.

மூன்றாம் வகையில் ஆணின் வாயைத் திறந்து முட்டைகளை எடுத்து, உருட்டுக் குழாயில் (முட்டைகளைத் தண்ணீரில் உருட்டிக்கொண்டே இருக்கும் குழாய்) காற்றோட்டம் கொடுத்துப் பொரிக்க முயன்றிருக்கிறார். பாதிக்கு மேல் வெளுத்துப் பூஞ்சை பிடித்தன. மிச்சமும் பிழைக்கவில்லை. ஆனால் அவர் செல்போனில் நெருக்கமாக எடுத்த படங்கள் இருந்தன. பெரிதாக்கிப் பார்த்தால் சில முட்டைகளில் இரண்டு கரும்புள்ளிகள், ஒரு வால் மடிப்பு. கண் வைத்த கரு.

அந்தப் படம் ஒன்றே சந்தேகப் பட்டியலில் பாதியை அடித்துவிட்டது. ஆணுக்கு மலட்டுத்தன்மை இல்லை. தண்ணீர் கருவுறுதலைத் தடுக்கவில்லை. முட்டை நல்ல முட்டை. அப்படியானால் கேள்வி முட்டையிடலில் இல்லை, அதன் பிறகு என்ன நடந்தது என்பதில்தான்.

உருட்டுக் குழாய் தோற்றதிலும் வியப்பில்லை. மலாவி மீன்களின் முட்டை பெரியது, ஒட்டாதது, எண்ணிக்கையில் குறைவு. குழாயில் உருளத் தோதானது. குந்தேரி கல்லின்மேல் ஒட்டவைத்து இடுகிறது, பிறகுதான் அள்ளுகிறது. முட்டை சிறியது, எண்ணிக்கை கூடுதல், நூறை எட்டும். ஒன்று வெளுத்தால் பக்கத்தில் இருப்பதையும் சாப்ரோலெக்னியா பூஞ்சை பிடித்துக்கொள்ளும். வாய்க்குள் இருக்கும்போது தகப்பன் ஓயாமல் புரட்டுகிறது, கெட்டதை நீக்குகிறது. குழாய் புரட்டும், பொறுக்காது.

சந்தேகத்தைக் குறுக்கியது

குறிப்பேட்டில் இல்லாத ஒன்று மீனின் உடம்பிலேயே இருந்தது. ஆண் மெலிந்திருந்தது. முதுகின் மேல்விளிம்பு கூர்த்து, தலை உடம்பைவிடப் பெரிதாகத் தெரிந்தது. குடற்புழுவோ என்று முதலில் தோன்றியது. சாணத்தையும் தீனி எடுக்கும் விதத்தையும் கொஞ்ச காலம் கவனித்ததில் அதற்கான அறிகுறி இல்லை. விளக்கம் எளிது. அடைகாக்கும் காலத்தில் ஆண் ஏறக்குறையப் பட்டினி. ஈடு தொலைந்தால் பெண்ணுக்கு நஷ்டம் இல்லை. நன்றாகத் தின்றுகொண்டிருப்பதால் சில வாரங்களில் மறுபடி முட்டை முற்றி ஆணைத் தூண்டும். ஆண் மறுபடி அள்ளும், மறுபடி பட்டினி. ஒவ்வொரு தோல்வியும் அடுத்த தோல்விக்கு வழி செய்தது. உடம்பில் சத்தில்லாத தகப்பன் பாதியில் கைவிடுவது சிக்லிட்களில் புதிதல்ல; இந்த ஈட்டை விட்டுவிட்டுத் தன்னைக் காப்பாற்றிக்கொள்வதுதான் அதற்கு லாபம்.

அடுத்து, கூழாங்கல். மணல் சலிக்கும் மீனைக் கூழாங்கல்லில் வைத்தால் அது செத்துப்போகாது. ஆனால் அதன் அன்றாட வேலை போய்விடும். அத்தோடு, வளர்ப்பவருக்கு நான் மேலே சொன்ன அறிகுறியும் போய்விடும். தொண்டை உப்பலையும் கன்னத்து அசைவையும் வைத்தே அவர் தீர்மானித்திருக்கிறார். முட்டை அள்ளிய முதல் நாட்களில் உப்பல் சிறிதாகத்தான் இருக்கும், பார்வைக்கு ஏமாற்றும்.

காலையில் தெரிந்த இழப்புகளுக்குக் காரணம் என்று நான் எடுத்துக்கொண்டது கெளுத்திகளை. சினோடோன்டிஸ் இரவில் விழித்து அடியில் மேய்ந்து திரியும். பகலில் பெண் குந்தேரி யாரையும் ஆணின் பக்கம் நெருங்க விடாது. விளக்கணைந்ததும் பெண்ணுக்குக் கண் தெரியாது; கெளுத்திக்கோ மீசை போதும். ஆண் ஒதுங்கும் இடமும் கெளுத்தி பதுங்கும் இடமும் ஒரே மரக்கட்டை. இரவு முழுக்க இடித்துத் தள்ளப்படும் ஒரு தகப்பன் வாயை எத்தனை இரவு பூட்டி வைத்திருக்கும்?

தனித்தொட்டி இழப்புகளுக்கு அந்தக் கெளுத்தி காரணமாக முடியாது. அங்கே அது இல்லை. அங்கே இல்லாதது பெண். இந்த இனத்தில் ஜோடி என்பது முட்டையிடும் நாளோடு முடிவதில்லை. அடைகாக்கும் காலம் முழுவதும் பெண் அருகிலேயே சுற்றும், அந்நியரை விரட்டும், அவ்வப்போது ஆணின் எதிரே வந்து உடம்பை வளைத்து நடுங்கிக் காட்டும். மலாவித் தாய்மீன் முட்டையிட்டதும் ஆணைவிட்டு ஒதுங்கி, ஏறக்குறைய மூன்று வாரம் தனியே ஒளிந்திருக்கும். தனித்தொட்டி அதன் இயல்புக்கு ஒத்துப்போகிறது. குந்தேரி ஆணுக்குத் தனித்தொட்டி என்றால் துணை செத்துவிட்டது என்பதற்குச் சமம். திரும்பி வந்தபோது பெண் கடித்ததற்கும் முரட்டுக் குணம் காரணமில்லை. ஜோடி முறிந்துவிட்டது, வந்தது பெண்ணுக்கு அந்நிய மீன், எல்லையில் நுழைந்த அந்நியனை விரட்டுவது அதன் கடமை.

ஆக, தனித்தொட்டியில் போனது ஒரு காரணத்தால், பொதுத்தொட்டியில் போனது வேறொரு காரணத்தால், இரண்டுக்கும் அடியில் ஆணின் மெலிவு. மூன்றும் ஒரே பெயரில் ஒளிந்திருந்ததால், ஒன்றைச் சரிசெய்தபோதெல்லாம் மற்றொன்று கெடுத்தது.

செய்தவை

முதல் வேலை முட்டையிடலை நிறுத்துவது. 4 அடித் தொட்டியில் நடுவே துளையிட்ட தடுப்பு வைத்து ஒரு பக்கம் ஆண், மறுபக்கம் பெண். ஒன்றை ஒன்று பார்க்கலாம், தண்ணீர் பொதுவாக ஓடும், தொட முடியாது. பிரித்தும் பிரிக்காமலும் வைப்பது இது. ஆணின் முதுகு உருண்டு வரும்வரை தடுப்பை எடுக்கவில்லை.

தீனி: மூழ்கும் சிறு குருணை, உறைந்த மைசிஸ், டாஃப்னியா (இரண்டும் சிறு நீர்வாழ் ஓட்டுயிரிகள்), எப்போதாவது ரத்தப்புழு. மாட்டு இதயம் போன்ற பாலூட்டி இறைச்சி தேவையே இல்லை. அந்தக் கொழுப்பு இந்தக் குடலுக்கு ஆனதல்ல. ஒரே தடவை நிறையப் போடுவதைவிடக் கொஞ்சம் கொஞ்சமாக, மணலில் சிதறும்படி போட்டால் மீன் நாளெல்லாம் வேலை செய்யும்.

அடியில் நுண்ணிய மணல், இரண்டு விரல் கனத்துக்கு. தட்டையான கற்கள் மூன்று நான்கு, ஒன்றுக்கொன்று பார்வை மறைவாக. மரக்கட்டைகள், மேலே மிதக்கும் செடி, மங்கிய வெளிச்சம். விளக்கு திடீரென்று அணையாமல், அறை வெளிச்சம் இருக்கும்போதே தொட்டி விளக்கு அணையும்படி வைத்தேன். கெளுத்திகள் இந்தத் தொட்டிக்குள் வரவில்லை. டெட்ராக்களை மட்டும் வைத்துக்கொண்டேன். இதில் ஆளுக்கொரு கருத்து உண்டு. ஜோடியைத் தவிர வேறெதுவும் கூடாது என்பவர்கள் இருக்கிறார்கள். என் அனுபவத்தில், விரட்ட ஒருவரும் இல்லாத தொட்டியில் பெண் ஆணையே விரட்டத் தொடங்கும். மேல்மட்டத்தில் நீந்தும் சின்னக் கூட்டம் பெண்ணின் கோபத்துக்கு ஒரு வடிகால். டெட்ரா சில குஞ்சுகளைத் தின்னும் என்பது உண்மை. அது நான் ஒப்புக்கொண்ட விலை.

தண்ணீரை அப்படியே விட்டேன். வாரம் ஒருமுறை மூன்றில் ஒரு பங்கு மாற்றினேன், அவ்வளவே.

முட்டை முதல் குஞ்சு வரை

தடுப்பை எடுத்த அன்று சண்டை இல்லை. சில நாளில் பெண்ணின் வயிறு சிவந்தது, முதுகுத் துடுப்புப் பட்டை கண்ணாடிபோல் மின்னியது. முன்கை எடுத்தது பெண். ஆணின் முன்னால் பக்கவாட்டில் திரும்பி நடுங்கிவிட்டு, ஒரு தட்டைக் கல்லுக்கு அழைத்துப்போகும்; ஆண் வராவிட்டால் திரும்பி வந்து மறுபடி அழைக்கும். இரண்டும் கல்லை வாயால் கடித்துச் சுத்தம் செய்தன. பிறகு பெண் வரிசை வரிசையாக முட்டை ஒட்டியது, பின்னாலேயே ஆண் ஊர்ந்து கருவுறச் செய்தது. மலாவி ஆணின் குதத்துடுப்பில் இருக்கும் முட்டைப் புள்ளிகள் இதற்கு இல்லை. தேவையும் இல்லை, கருவுறுதல் கல்லின்மேலேயே முடிகிறது. இடுவது முடிந்த பிறகே ஆண் ஒவ்வொரு முட்டையாகப் பிய்த்து வாயில் சேர்த்தது. அவசரமே படவில்லை.

மணல் சலிப்பது நின்றது. கன்னம் அவ்வப்போது மெல்லுவதுபோல் அசையும், அது முட்டைகளைப் புரட்டுவது. செவுள் மூடியின் துடிப்பு சற்று வேகம். தீனி போட்டால் பார்க்கும், நெருங்கும், திரும்பிவிடும். பெண் ஓர் உடல் நீள இடைவெளியில் சுற்றிக்கொண்டே இருந்தது. டெட்ரா தாழ வந்தால் ஒரே பாய்ச்சல்.

இந்த நாட்களில் வளர்ப்பவர் செய்ய வேண்டியது எதையும் செய்யாமல் இருப்பது. ஃபில்டரைத் திறக்கக் கூடாது, கல்லை நகர்த்தக் கூடாது, டார்ச் அடித்துத் தொண்டையைப் பார்க்கக் கூடாது. பெண்ணுக்கு மட்டும் கொஞ்சம் தீனி. ஆண் சாப்பிடவில்லையே என்று கலங்க வேண்டாம். அதற்காகத்தான் முன்பே தேற்றி வைத்தது.

வெப்பநிலையைப் பொறுத்துப் பத்து நாள் முதல் இரண்டு வாரத்துக்குள் குஞ்சு வெளிவரும். 26 டிகிரியில் இந்த ஈடு அந்த இடைவெளிக்குள்தான் வந்தது. ஆண் ஒரு கல்லின் மறைவில் தலையைத் தாழ்த்தி வாயைத் திறந்தது. வந்த குஞ்சுகள் மணலை ஒட்டியே ஒரு பழுப்பு மேகமாக நின்றன. மஞ்சள் கருப் பை கரைந்திருந்ததால் அன்றே இரை தேடின.

அதன்பின் நடந்ததுதான் இந்த மீனை வளர்ப்பதன் உண்மையான பலன். நான் கையை உயர்த்தியதும் ஆண் பின்னோக்கி நகர்ந்து உடலை உதறியது, அது எச்சரிக்கை. குஞ்சுகள் அதன் வாயை நோக்கிக் குவிந்தன. பாதி ஆணின் வாயில், பாதி பெண்ணின் வாயில். ஆபத்து விலகியதும் இரண்டும் தனித்தனியே உமிழ்ந்து, குஞ்சுகளை மறுபடி ஒரே கூட்டமாக்கின. மாலை மங்கும்போதும் இதே. தொடக்கத்தில் ஓர் இழுபறி இருந்தது. ஆண் எல்லாவற்றையும் தன்னிடமே வைத்துக்கொள்ளப் பார்த்தது, பெண் பக்கவாட்டில் இடித்து இடம் கேட்டது. அதைப் பார்த்துப் பயந்து ஒன்றைப் பிடித்து வெளியே எடுப்பவர்கள் உண்டு. எடுக்கத் தேவையில்லை, துடுப்பு கிழியாத வரைக்கும் அது பங்கு பிரிக்கும் சச்சரவுதான். சில நாளில் முறை வைத்துக் காவல் காக்கத் தொடங்கின. ஒன்று குஞ்சோடு நிற்கும்போது மற்றது போய் மணல் சலித்து வயிற்றை நிரப்பி வரும். மெலிந்த ஆண் மறுபடி தேறியது இந்த ஏற்பாட்டால்தான். பெண்ணை எடுத்திருந்தால் இதுவும் நடந்திருக்காது.

குஞ்சுத் தீனி அப்போதுதான் பொரித்த ஆர்ட்டீமியா (உப்புநீரில் வாழும் சிறு ஓட்டுயிரி). லிட்டருக்கு 25 முதல் 30 கிராம் உப்பு, பலமான காற்றோட்டம், 27 டிகிரி வாக்கில் வெப்பம் என்றால் 24 முதல் 36 மணி நேரத்தில் பொரியும். ஒன்றன்பின் ஒன்றாக இரண்டு பாட்டில்கள் ஓடினால் தடையில்லாமல் கிடைக்கும். ஒரு சின்னக் குழாயால் குஞ்சுக் கூட்டத்தின் அருகே மெதுவாக இறக்க வேண்டும். வயிறு ஆரஞ்சு நிறமாகத் தெரிந்தால் தின்றிருக்கிறது. பெற்றோர் மணலைக் கிளறும்போது எழும் துணுக்குகளையும் குஞ்சுகள் மேயும். அந்த வகையிலும் மணல் உதவியது.

தீனி கூடும்போது அம்மோனியாவும் கூடும். பிஎச் 7-ல், 25 டிகிரியில், மொத்த அம்மோனியாவில் நச்சான வடிவம் ஒரு சதவீதத்துக்கும் குறைவு. பிஎச் 8-ல் அது ஐந்து சதவீதத்தைத் தாண்டும். ஆகவே காரத்தன்மை கூடிய தண்ணீர் உள்ளவர்கள் இந்தக் கட்டத்தில் கூடுதல் கவனமாக இருக்க வேண்டும். பெரிய அளவில் ஒரே முறை மாற்றாமல் சிறிது சிறிதாக அடிக்கடி மாற்றினேன். ஃபில்டர் வாயில் ஸ்பாஞ்ச் மாட்டாவிட்டால் குஞ்சு உள்ளே போய்விடும் என்பது சொல்லாமலே தெரியும்.

எதை நிரூபித்தது, எதை இல்லை

மணல், தேற்றுதல், கெளுத்தி இல்லாமை, அடைகாக்கும்போது ஜோடியைப் பிரிக்காமை ஆகிய நான்கும் ஒரே நேரத்தில் மாறின. இதில் எது எவ்வளவு உதவியது என்று முதல் வெற்றியை வைத்துப் பிரித்துச் சொல்வது நேர்மையாகாது. பரிசோதனைக்காக ஒரு ஈட்டைப் பலி கொடுக்க எனக்கு மனமும் இல்லை.

ஆனால் பின்னொரு முறை, ஆணின் வாய் நிறைந்திருந்த வேளையில், தொட்டியின் அடிமூலையில் சிலிகான் விட்டுக் கசியத் தொடங்கியது. மாற்றியே ஆக வேண்டிய கட்டாயம். வலை போடவில்லை, வலையில் துள்ளும் வாயடைகாப்பான் முட்டையை உமிழ்ந்துவிடும். தண்ணீருக்கு அடியிலேயே ஒரு பிளாஸ்டிக் பெட்டியைச் சாய்த்து ஆணை உள்ளே ஓட்டி, அதே பெட்டியில் பெண்ணையும் சேர்த்து, மூடி, வேறு தொட்டியில் விட்டேன். புதிய தொட்டி, தெரியாத கற்கள், தலைகீழான சூழல். பழைய தனித்தொட்டி மாற்றங்களைவிடப் பெரிய குலுக்கல் அது. ஆண் வாயைத் திறக்கவில்லை. பெண் கொஞ்ச நேரத்திலேயே ஒரு மூலையைத் தனதாக்கிக்கொண்டு காவலைத் தொடங்கியது. அந்த ஈடு முழுதாக வெளிவந்தது.

ஒரு சம்பவம்தான். ஆனாலும் பழைய இழப்புகளுக்குக் கையாண்டதால் வந்த அதிர்ச்சியே காரணம் என்ற விளக்கத்தை இது பலவீனமாக்குகிறது. இரண்டு மாற்றங்களுக்கும் இருந்த பெரிய வித்தியாசம் பெண் கூட வந்ததா இல்லையா என்பதே. கருந்தாடைத் திலாப்பியா வளர்ப்பவர் இதைப் படித்துவிட்டு ஆணோடு பெண்ணையும் கட்டி வைக்க வேண்டாம். அங்கே தாய்க்கு அடைகாப்பில் வேலையே இல்லை, தகப்பனைத் தனியே வைப்பதுதான் சரி. குரோமிடோடிலாப்பியா பேரினத்துக்குள்ளேயே இனத்துக்கு இனம் வழக்கம் மாறுகிறது. எந்த இனம் என்று உறுதியாகத் தெரிந்துகொண்ட பிறகே முறையைத் தேர்ந்தெடுக்க வேண்டும்.

மிகுந்த குஞ்சுகள்

பெண் மறுபடி சிவந்து, ஆண் வளர்ந்த குஞ்சுகளைத் துரத்தத் தொடங்கும்போது அவற்றைப் பிரிக்க வேண்டும். அதற்கு முன் எடுத்தால் ஜோடிக்குக் காவல் வேலை இல்லாமல் போய் உடனே அடுத்த முட்டையிடலுக்குத் தாவும்; ஆணுக்கு ஓய்வு கிடைக்காது. ஒவ்வொரு ஈட்டுக்கும் பிறகு தடுப்பைத் திரும்ப வைத்து இடைவெளி கொடுப்பதை இப்போது வழக்கமாக்கிவிட்டேன்.

மிகுந்த குஞ்சை ஏரியிலோ ஆற்றிலோ விடும் எண்ணம் யாருக்கும் வரக் கூடாது. கருந்தாடைத் திலாப்பியா ஃபுளோரிடாவின் டாம்பா வளைகுடாப் பகுதியில் நிலைகொண்டுவிட்டது. தாய்லாந்தில் இறால் பண்ணைகளுக்கே தொல்லையாகி, 2024-ல் அரசு அதைப் பிடித்து ஒழிக்க இயக்கமே நடத்த வேண்டி வந்தது. தகப்பன் வாயில் பத்திரமாக வளரும் குஞ்சு புதிய நீரிலும் எளிதாகப் பிழைத்துக்கொள்ளும்.

முந்தைய வளர்ப்பாளருக்குப் படம் அனுப்பியதும், "அப்ப அந்த ஜோடிய திருப்பித் தந்துருங்கண்ணே" என்று சிரித்தார். ஜோடியைத் தரவில்லை, எட்டுக் குட்டிகள் கொடுத்தேன். ஆணும் பெண்ணுமாக இரண்டை மட்டும் பொறுக்கிக் கொடுத்தால் அவை ஒத்துப்போகும் என்பதற்கு உத்தரவாதம் இல்லை. எட்டு ஒன்றாக வளர்ந்தால் ஒரு ஜோடி தானாகவே ஒதுங்கி ஒரு கல்லைப் பிடித்துக்கொள்ளும். அப்போது மற்றவற்றை எடுத்துவிடலாம். பெண்களின் முதுகுத் துடுப்பில் பட்டை மினுக்கத் தொடங்கும்வரை ஆண் பெண் பிரிக்க முயல வேண்டாம் என்றும், கூழாங்கல்லை அள்ளிவிட்டு மணல் போட்ட பிறகு வந்து எடுத்துக்கொள்ளும்படியும் சொல்லியிருந்தேன். மணல் போட்ட படத்தை அன்று மாலையே அனுப்பிவிட்டார்.